ஏ 40 எண்டால் எந்த ஏ 40?

பழைய கார் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. "கிழமையில ஆறு நாள் இரும்போட மாரடிக்கிறது காணாதெண்டு ஏழாம் நாளும் இரும்போ?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் அண்ணனும் தம்பியுமாக இருவரும் சான்டா கிளாராவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். சிப் செய்யும் பெரிய இயந்திரங்களுக்கு வேண்டிய உலோகப் பாகங்களைக் கடைந்து அனுப்பும் இடம் அது. எங்கள் வேலை அளவு பார்ப்பது. ஒரு துளைக்குள் ஒரு அளவுகோல் போக வேண்டும், அடுத்தது போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் பாகம் பெட்டிக்குள் போகும். இல்லையென்றால் சிவப்புத் தட்டுக்குப் போகும். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு கூடிற்றா குறைந்ததா என்று நாள் முழுக்கப் பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேறு பொழுதுபோக்கு இருக்க வேண்டும்தான்.

ஆனால் காரணம் வேறு. எங்கள் பெரியப்பா மகளுடன் வந்து பிறிமொன்ரில் இருக்கிறார். கொக்குவிலில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓடியவர். ஓடியவர் மட்டுமல்ல, தன் காரின் எஞ்சினைத் தானே இறக்கித் தானே ஏற்றியவர். இங்கே வந்தபின் அவருக்கு இருந்த வேலை ஜன்னலோரம் இருந்து வீதியைப் பார்ப்பது மட்டுமே. எழுபத்து நான்கு வயது. கை நடுங்கவில்லை, கண் தெரிகிறது, ஆனால் பேச்சு குறைந்துகொண்டே போயிற்று. சான் ஹொசேயில் ஒரு வீட்டின் பின்வளவில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருபது வருடமாக அசையாமல் கிடக்கிறது, தொள்ளாயிரம் டொலருக்குத் தருவார்களாம் என்று அறிந்ததும் நாங்கள் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மொறிஸ் மைனரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1948இல் இங்கிலாந்தில் வந்த கார். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையில் கார் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டால், வந்த கார்களே திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு ஓடின. ஆகவே இங்கிலாந்தில் அரும்பொருளாகிவிட்ட பின்பும் எங்கள் ஊர்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் கையில் வந்த காரின் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாம் சிலிண்டருக்குள் துரு. ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கிடையே வெடிப்பு. கிராங்கில் கீறல். பெரியப்பா எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சாமான் எடுக்க ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

எடுக்கலாம் என்பதுதான் இந்தக் கதையின் முதல் அதிசயம். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்தன. சேர்ந்தபின் மொறிஸ் மைனரின் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, ஒஸ்ரின் செய்த சின்ன எஞ்சினை வைத்தார்கள். அதற்கு 'ஏ' வரிசை என்று பெயர். முதலில் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1098. இதே வரிசை எஞ்சின்தான் 1958இல் வந்த ஸ்பிறைற் என்னும் சின்ன விளையாட்டுக் காரிலும், பின்னர் எம்.ஜி. மிட்ஜெற்றிலும், மினியிலும் போனது. கலிபோர்னியாக்காரர் மொறிஸ் மைனரை அதிகம் வாங்கவில்லை. ஆனால் கூரையில்லாத ஸ்பிறைற்றையும் மிட்ஜெற்றையும் விரும்பி வாங்கினார்கள். இவ்வகைக் கார்களுக்கென்றே சாமான் விற்கும் மொஸ் மோட்டர்ஸ் என்ற நிறுவனம் 1948இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கி இன்றும் சான்டா பார்பராவுக்கு அருகே கோலீற்றாவில் இருக்கிறது. மொறிஸ் மைனர் என்று கேட்டால் கையை விரிப்பவர்களும் ஸ்பிறைற் 948 என்று கேட்டால் பெட்டியை எடுத்துத் தருகிறார்கள். பிஸ்டன், ரிங், பெயரிங், ரைமிங் செயின் எல்லாம் இந்த வழியில் கிடைத்தன.

இரண்டாவது அதிசயம் நட்டும் போல்ட்டும். ஆங்கிலேயன் செய்த எஞ்சினுக்கு இங்குள்ள இரும்புக் கடையில் வாங்கிய போல்ட் இலகுவாக ஏறியது. உலகப் போரில் ஒருவர் நாட்டுச் சாமான் மற்றவர் நாட்டு இயந்திரத்துக்குப் பொருந்தாமல் பட்ட பாட்டினால், 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் சேர்ந்து புரிக்கு ஒரே கணக்கு வைத்துக்கொண்டன. 'ஏ' வரிசை எஞ்சின் அந்தக் கணக்குக்குப் பின் பிறந்தது. மூன்று நாடுகள் ஒரு மேசையில் இருந்து ஒத்துக்கொண்டதன் பயன் எங்கள் கராச்சில் ஒரு போல்ட்டாக வந்து நின்றது.

பாகம் மாறிப் பொருந்துவது என்பது இன்று சாதாரணம். ஆனால் ஒரு காலத்தில் அப்படியல்ல. ஒவ்வொரு எஞ்சினையும் ஒரு தொழிலாளி அரத்தால் அராவி அராவிப் பொருத்துவான். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு ஏறாது. 1908இல் இங்கிலாந்தில் புறூக்லன்ட்ஸ் ஓட்டத் திடலில் மூன்று கடிலாக் கார்களை முற்றாகப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓடிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். அளவு சரியாக இருந்தால் அரம் தேவையில்லை என்பதுதான் அங்கே நிரூபிக்கப்பட்டது. எங்களுக்கு அந்த அளவுதான் சோறு போடுகிறது.

இனி நாங்கள் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும்.

வெடித்த ஹெட்டுக்கு மாற்று ஹெட் தேடிக்கொண்டிருந்தோம். சன்னிவேலில் பழைய மிட்ஜெற் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், "கராச்சில் ஒரு ஹெட் கிடக்கிறது, கொண்டு போங்கள்" என்று சும்மா தந்தார். 1275 சி.சி. மிட்ஜெற்றின் ஹெட். பெரிய வால்வு, நல்ல நிலை. கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஸ்ரட்டுகள் ஒன்பதும் அச்சொட்டாகத் துளைக்குள் இறங்கின! சிலிண்டரையும் கிராங்கையும் வெளியே மெசின் ஷொப்பில் கொடுத்துக் கடைந்து முடித்திருந்தோம். கிழமை நாள் இரவு. பெரியப்பா இல்லை. ஞாயிறு அவர் வரும்போது எஞ்சின் பூட்டியபடி இருந்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்து ஹெட்டை இறுக்கினோம்.

ஞாயிறு வந்தார். ஹெட்டைப் பார்த்தார். "இது எதின்ர ஹெட்?" என்றார். சொன்னோம். ஒன்றும் பேசாமல் ஸ்ராட்டிங் ஹான்டிலை எடுத்து முன்னால் மாட்டி, பிளக்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார். கால் சுற்றுப் போயிருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். ஹான்டில் நின்றது.

"பொருந்தினதெண்டு ஆர் சொன்னது?" என்றார்.

948இன் சிலிண்டர் வாய் 62.9 மில்லிமீற்றர். 1275இன் வாய் 70.6. அகன்ற வாய்க்கென்று செய்த ஹெட்டின் பெரிய எக்சோஸ்ற் வால்வு, ஒடுங்கிய வாயின் ஓரத்துக்கு வெளியே நிற்கிறது. திறக்கக் கீழே வந்தால் சிலிண்டருக்குள் போகாமல் புளொக்கின் மேற்பரப்பில் இடிக்கிறது. 1098இல் இதே ஹெட்டை வைப்பவர்கள் புளொக்கில் வால்வுக்குக் குழி வெட்டித்தான் வைப்பார்கள். ஸ்ரட் ஒன்பதும் பொருந்தியதைப் பார்த்த நாங்கள் வால்வு எங்கே இறங்குகிறது என்று பார்க்கவில்லை. வேலையிடத்தில் ஒரு துளைக்கு இரண்டு அளவுகோல் போட்டுப் பார்ப்பவர்கள், வீட்டில் ஒன்றுடன் திருப்திப்பட்டுவிட்டோம். போகும் கோல் போயிற்று. போகாத கோலை நாங்கள் எடுக்கவேயில்லை.

கையால் சுற்றியதால் வால்வு வளையவில்லை. ஸ்ராட்டரைப் போட்டிருந்தால் கதை வேறு. வெட்கத்துடன் நின்ற எங்களைப் பார்த்துப் பெரியப்பா ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு, எங்களைப் பார்க்காமல், காரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு பற்றி வாசகர்கள் பலர் சொந்த அனுபவமாக அறிவீர்கள். எங்களுக்கு அப்போது ஏழும் ஐந்தும் வயது. மழையும் இருட்டும் மண்ணெண்ணெய் மணமும் ஞாபகம் இருக்கிறது. பெரியப்பாவின் கார் நாவற்குழிப் பக்கம் நின்றுபோனதும், எங்களை இறக்கி நடக்க விட்டதும் ஞாபகம் இருக்கிறது. அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனதும் ஞாபகம் இருக்கிறது. கார் ஏன் நின்றது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த இரவில் நின்றவை எத்தனையோ. அதில் இதுவும் ஒன்று என்றே இருந்தோம்.

பெரியப்பாவின் கார் ஒஸ்ரின் ஏ 40. ஐம்பதுகளில் வந்த சோமசெற். 1200 சி.சி. எஞ்சின். 1990இலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, எல்லாவற்றுக்கும் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஓடும், ஆனால் எஞ்சினைத் தின்றுகொண்டு ஓடும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலுடன் கலக்கும். ஓட ஓட ஒயில் மட்டம் குறைய வேண்டும். இங்கே கூடும்! தண்ணீராய்ப் போன ஒயிலில் பெயரிங் நிலைக்காது.

"பிக்கென்ட் பெயரிங் தட்டத் துவங்கீற்றுது. சாமான் இல்லை. ஒருத்தன் வந்து 'அண்ணை, ஏ 40 பெயரிங் ஒரு செற் கிடக்கு' எண்டான். வாங்கினன். பிரிச்சுப் பாத்தால் மற்ற ஏ 40இன்ரை."

விஷயம் தெரியாதவர்களுக்காக விளக்குகிறோம். ஒஸ்ரின் நிறுவனம் ஏ 40 என்ற பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட கார்களுக்கு வைத்தது. 1958இல் வந்த ஏ 40 ஃபரீனா வேறு கார். அதற்குள் இருப்பது எங்கள் மொறிஸ் மைனரில் உள்ள அதே 948 'ஏ' வரிசை எஞ்சின். சோமசெற்றின் எஞ்சின் அதிலிருந்து வேறு.

"தெரியும், சரிவராதெண்டு தெரியும். ஆனால் கையில அதுதான் இருந்தது. உள்ளுக்குச் சுரண்டி, பின்னுக்கு மெல்லிய தகரம் வைச்சு இறுக்கினன். ஓடிச்சுது. ரண்டு மாதம் ஓடிச்சுது. நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன். அண்டைக்கு ராத்திரி எட்டுப் பேரை ஏத்திக்கொண்டு முதலாம் கியரில ஊர்ந்து ஊர்ந்து போகேக்க இறுகிப் போச்சு. அம்மா சைக்கிளில நனைஞ்சுகொண்டு போனவ."

அப்பம்மா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கார்த்திகை மாதம் காலமானார். நெஞ்சுச் சளி. மழையில் நனைந்ததால்தானா, வயதினாலா, மருந்து இல்லாததாலா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் முப்பது வருடமாக ஒரு மனிதர் அதற்கு ஒரு செற் பெயரிங்கைக் காரணமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அத்தான், காருகள் எல்லாம் தானே நிண்டது. நல்ல காரும் நிண்டது" என்றார். பெரியப்பா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

அன்று மாலை அந்த ஹெட்டைக் கழற்றினோம். இந்த முறை அவசரமில்லை. எங்கள் புளொக்கிலுள்ள தகட்டு இலக்கத்தைத் துடைத்து வாசித்தோம். ஒன்பதும் எம் எழுத்தும் என்று தொடங்கினால் 948 மொறிஸ் மைனர். எம்முக்குப் பதில் சி இருந்தால் ஸ்பிறைற். ஹெட்டின் மேலே வார்ப்பிலேயே இலக்கம் இருக்கிறது. அதையும் பார்த்துப் பார்த்து, ஒரு மாதம் தேடி, 948 ஸ்பிறைற்றின் ஹெட் ஒன்றை வாங்கினோம். நூற்றிருபது டொலர். சும்மா கிடைத்ததை விட்டுக் காசுக்கு வாங்கியதில் எங்களுக்கு வருத்தமில்லை.

பழைய எஞ்சின் திருத்தும் எண்ணமுள்ள வாசகர்களுக்காக நாங்கள் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

காரின் பெயரை நம்பாதீர்கள், எஞ்சினின் இலக்கத்தை நம்புங்கள். அறுபது வருடத்தில் எத்தனை பேர் எஞ்சினை மாற்றியிருப்பார்கள்! 948இன் கனெக்ரிங் ரொட்டில் பிஸ்டன் பின்னை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். 1098இல் அந்த போல்ட் இல்லை, பின் சுழலும். வெளியே ஒன்று போலிருந்தாலும் உள்ளே வேறு. கிளச்சும் 948இல் ஆறேகால் அங்குலம், 1098இல் ஏழேகால். மினியின் கிராங்கைக் கண்டு ஏமாற வேண்டாம். மினியில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் அதன் பின்முனை வேறு விதமானது.

கடைந்த கிராங்குக்குக் கடைந்த அளவின் பெயரிங்தான் போட வேண்டும். எங்கள் கிராங் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு குறைக்கப்பட்டது. ஆகவே பெயரிங்கும் அதே இருபது. பெட்டியில் எழுதியதை மட்டும் நம்பாமல் பிளாஸ்ரிகேஜ் என்ற மெழுகு நூலை வைத்து இறுக்கி, கழற்றி, நசிந்த அகலத்தை அளந்து பார்த்தோம். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு இடைவெளி. பெரியப்பா அந்த நசிந்த நூலை வெகு நேரம் பார்த்தார். "இவ்வளவுதானே?" என்றார்.

இறுக்குவதற்கும் கணக்கு உண்டு. மெயின் பெயரிங் 60 றாத்தல் அடி, பிக்கென்ட் 35, ஹெட் 40. வால்வு இடைவெளி ஆயிரத்தில் பன்னிரண்டு. கடைசியாக, எதைப் பூட்டினாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றிப் பாருங்கள். கை சொல்வதை ஸ்ராட்டர் சொல்லாது.

சாமான் தேடும்போது இன்னொன்றையும் அறிந்தோம். 1991இல் இலங்கையில் தெற்கே டியூறபிள் கார் கொம்பனி என்று ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டு, மொறிஸ் மைனருக்கான பாகங்களைக் கையால் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரியப்பா தகரம் வெட்டிய அதே வருடங்களில், அதே தீவிலிருந்து மொறிஸ் மைனர் சாமான் கப்பல் ஏறியிருக்கிறது. ஆனையிறவைத் தாண்டித்தான் வரவில்லை. இதைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். "அவங்கள் நல்ல வேலைக்காரர். சாமான் செய்யிறவனில என்ன பிழை?" என்றார். எங்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை இன்னும் வரவில்லை. ஆனாலும் தொழிலாளியாக யோசித்தால் அவர் சொன்னது சரிதான்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஸ்ராட் ஆயிற்று. மூன்றாவது முயற்சியில். புகை போகும் மட்டும் நின்று, சத்தம் சீரானதும் பெரியப்பா நீட்டுத் திருப்புளி ஒன்றின் நுனியைப் புளொக்கில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார். நான்கு இடத்திலும் கேட்டார். பிறகு "பூட்டுங்கோ பொனற்றை" என்றார். அம்மா தேசிக்காய் வைத்திருந்தார். நசித்துக்கொண்டு எல் கமீனோ வீதியில் மெதுவாகப் போனோம். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்கவில்லை, கையசைத்தார்கள். பெரியப்பா ஓட மறுத்துவிட்டார். பின் சீற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் செய்த முதல் வேலை ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தது. மட்டத்தைப் பார்த்தார். பிறகு கம்பியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். இங்கே யார் மண்ணெண்ணெய் விடப் போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம், ஆனால் சொல்லவில்லை.

"சுத்தமாக் கிடக்கு" என்றார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கே தொலைபேசியில் கூப்பிடுகிறார். வாழைத்தண்டு போல ஆடும் பின் ஸ்பிறிங்கை மாற்ற வேண்டுமாம். எந்தக் காரின் ஸ்பிறிங் பொருந்தும் என்று இலக்கத்தைப் பார்த்துச் சொல்லட்டாம். நாங்களும் இந்த முறை இரண்டு கோலையும் எடுத்து வைத்திருக்கிறோம்.